ஒட்டியாணத்துக்கு அடியில் ஒரு சீசா

குமார்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா வாசலில் நின்றபடியே பிரித்துப் படித்தார். முகூர்த்தச் சேலைக்கு மாம்பழ மஞ்சள் போதும் என்று நீ எழுதியது, நாயனக்காரர்களை முதல் நாளே வரச் சொன்னது, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், கடைசி நாலு வரியைப் படித்ததும் கடிதத்தை என் மடியில் போட்டார். "கேள்வி உன்னைத்தான் கேட்டுக்கிறான்மா. நான் தப்பிச்சேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வசந்தாவுக்கு மெட்ராஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது, கல்யாணம் முடிந்த மறு வாரமே சேர வேண்டும், உனக்கோ வேலை காட்பாடியில். ஆபீஸில் எல்லோரும் "ஒரு வருஷம் தள்ளிப் போடச் சொல்லுப்பா, ஆராய்ச்சி எங்கே ஓடிப் போகுது" என்கிறார்கள். சொல்லட்டுமா அம்மா என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை நீ கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை, வசந்தா. ஆனால் ஆராய்ச்சி எங்கேயும் ஓடிப் போகாது என்கிறார்களே, அதற்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். ஓடிப் போகும். என் ஆராய்ச்சி ஒரு தடவை உன் செங்கமலம் அத்தையின் முகூர்த்த நாளன்று ஓடிப் போகப் பார்த்தது. அதைப் பிடித்து நிறுத்தியவர்கள் யார் என்பது உனக்குத் தெரியாது. அப்போது உனக்கு அம்மை போட்டு, ஆரணியில் என் அண்ணன் வீட்டில் வேப்பிலைப் படுக்கையில் இருந்தாய். கல்யாணத்துக்கு வர முடியவில்லை என்று அழுதாயாம். அதன் பிறகும் உனக்கு நாங்கள் சொல்லவில்லை, ஏனென்றால் இது நாலு பேருக்குள் இருக்க வேண்டும் என்று அத்தை எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நேற்று அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "எழுதுங்க அண்ணி. ஒண்ணு விடாம எழுதுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

அந்த நாளில் நான் கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர் என்பது உனக்கு நினைவிருக்கும். பிள்ளைகளுக்குத் தவளை அறுத்துக் காட்டுகிற வேலை. மேலே படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உன் அப்பாதான் விண்ணப்பத்தை வாங்கிவந்தார். மெட்ராஸில் ஒரு பேராசிரியர் என்னை மாணவியாக எடுத்துக்கொண்டார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் சிரித்தார். "பட்டு ஊரிலிருந்து வந்துவிட்டு மீனையும் தவளையையும் பற்றி ஏன் பேசுகிறீர்கள்? பட்டுப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. சின்ன காஞ்சிபுரத்தில் கல்யாணமாகி வந்து அத்தனை வருஷத்தில் நான் ஒரு பட்டுப்புழுவைக்கூட உயிரோடு பார்த்ததில்லை. நம் ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்? நூல் பெங்களூரிலிருந்து வருகிறது. சாயம் ஏறுகிறது, தறிக்குப் போகிறது, சேலையாகிறது. புழு என்று ஒன்று இருப்பதே நமக்கு ஒரு கேள்விப்பட்ட சங்கதிதான்.

நான் எடுத்துக்கொண்ட விஷயத்தை உனக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். வசந்தாவோடு குடும்பம் நடத்தப் போகிறவனுக்கு இது தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் அவளும் இதன் பக்கத்து வீட்டுச் சங்கதியைத்தான் ஆராயப் போகிறாள். புழுவின் உடம்புக்குள் இரண்டு பக்கமும் நீளமான பட்டுச் சுரப்பி இருக்கிறது. கூடு கட்டுகிற சமயத்தில் அது உடம்பில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். கூடு கட்டி முடிந்ததும் அதற்கு வேலை இல்லை. இரண்டு மூன்று நாளில் அது காணாமல் போய்விடுகிறது. வெளியிலிருந்து எதுவும் வந்து அதைத் தின்பதில்லை. சுரப்பியின் ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே தின்று முடிக்கிறது. எல்லாச் செல்லுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகள் உண்டு. பையின் சுவர் மெல்லிய சவ்வு. உள்ளே இருப்பவை செரிக்கிற புரதங்கள். எதைக் கொடுத்தாலும் கரைத்துவிடுகிற பேர்வழிகள். செல்லின் பழைய பாகங்களைச் சுற்றிப் புதிதாக ஒரு சவ்வு எழும்புகிறது, அவற்றை மூட்டை கட்டுகிறது, அந்த மூட்டை போய்ச் செரிக்கிற பையோடு ஒட்டிச் சேர்ந்துகொள்கிறது, உள்ளே இருப்பது கரைகிறது. வெளிநாட்டில் அப்போதுதான் சில வருஷங்களுக்கு முன் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நான் என் மனதுக்குள் தன்னுண்ணல் என்று சொல்லிக்கொள்வேன்.

பேராசிரியர் நினைத்தது வேறு. பட்டுச் சுரப்பியில் அவ்வளவு ஒழுங்கெல்லாம் நடக்காது, பைகள் ஒரேயடியாக வெடிக்கின்றன, புரதங்கள் செல் முழுக்கப் பரவி எல்லாவற்றையும் கரைத்துவிடுகின்றன, அவ்வளவுதான் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று கேட்டால் அப்போது என்னிடம் காரணம் கிடையாது. புழு கூட்டுக்குள் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வந்த ஒரு எண்ணம், அவ்வளவுதான். யார் சொல்வது சரி என்று பார்க்க ஒரு வழி இருந்தது. அந்தப் புரதங்களில் ஒன்றை மட்டும் கறுப்பாக்கிக் காட்டுகிற ஒரு கரைசல் உண்டு. பைகள் முழுசாக இருந்தால் கறுப்புப் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெடித்திருந்தால் மையைக் கொட்டினது போல எங்கும் பரவித் தெரியும். சுரப்பியை மெல்லிசாகச் சீவி, அந்தக் கரைசலில் ஒரு மணி நேரம் நம் உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் வேலைக்கு ஆகாது.

முதல் தடவை கொண்டுவந்த புழுக்கள் எறும்புக்குப் போயின. இரண்டாவது தடவை கொள்ளேகால் பக்கத்திலிருந்து முட்டை வாங்கிவந்து, வீட்டு நடு அறையில் மூங்கில் தட்டில் வளர்த்தோம். தட்டு வைத்த முக்காலியின் கால்களை அப்பா தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவைத்தார். முசுக்கட்டை இலை ஏனாத்தூரில் ஒருவர் கிணற்றடியில் இருந்தது. தினமும் காலையில் அப்பா சைக்கிளில் போய்க் கட்டிக்கொண்டு வருவார். புழு வளர வளர அதன் சாப்பாடு பெருகியது. அது இலை தின்கிற சத்தம் ஓட்டின் மேல் தூறல் விழுகிற மாதிரி கேட்கும். தெரு முழுக்க வேடிக்கை பார்க்க வந்தார்கள். எதிர் வீட்டு ராஜம்மா, வயசு முழுக்க நூல் சுற்றின பெண்பிள்ளை, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அய்யோ ராமா, இதுவாமா நம்ம பட்டு? இவ்ளோ மெத்துனு இருக்குதே" என்று ஒரு புழுவைக் கையில் விட்டுப் பார்த்தாள். அன்று முதல் தினமும் ஒரு தடவை வந்து, "இன்னிக்கு சாப்ட்டாங்களா?" என்று மரியாதையோடு விசாரித்துவிட்டுப் போவாள்.

இதற்கிடையில் செங்கமலத்துக்கு வரன் கூடிவந்தது. வாலாஜாபாத் மாப்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார், பேர் தணிகாசலம். அதுதான் உன் மாமா. நாள் குறித்தார்கள். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே புழு கூடு கட்டி, என் வேலையும் முடிந்துவிடும் என்று நினைத்தேன். புழுவுக்கு நம் பஞ்சாங்கம் தெரியுமா? நடுவில் மழை பிடித்துக் குளிர்ந்தது. புழுக்கள் சோம்பிப் போய் நாலைந்து நாள் தாமதமாகக் கூடு கட்ட ஆரம்பித்தன. அடுத்த தொகுதி வளர்க்க முசுக்கட்டையில் இலை இல்லை, ஆய்வேட்டைக் கொடுக்கவும் அவகாசம் இல்லை. ஆக, எனக்கு வேண்டிய சுரப்பிகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தயாராகிவிட்டன. பெண்ணழைப்புக்கு நடுவே வீட்டுக்கு ஓடிவந்து கூட்டை வெட்டி, புழுவை அறுத்துச் சுரப்பியை எடுத்து, பக்குவப்படுத்தும் மருந்தில் போட்டு, ஐஸ் கட்டி நிரப்பின பிளாஸ்கில் வைத்துவிட்டேன். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினால் அந்தப் புரதம் செத்துவிடும். அப்புறம் எந்தக் கரைசலிலும் கறுக்காது. முகூர்த்தம் காலை ஒன்பதுக்கு மேல். விடிந்ததும் கல்லூரிக்குப் போய், அங்கிருக்கிற சூட்டுப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்பது என் திட்டம்.

விடிந்ததும் போனேன். சாவி என்னிடம் இருந்தது. சுரப்பியைப் பிளேடால் சீவி, கழுவின பெனிசிலின் சீசா மூன்றில் கரைசலோடு போட்டேன். ஒன்று கூடு முடித்த அன்றே எடுத்த சுரப்பி. இன்னொன்று ஒரு நாள் முன்பே கூடு முடித்த புழுவிலிருந்து எடுத்த மறுநாள் சுரப்பி. மூன்றாவதில் கரைசலின் முக்கியச் சரக்கு இருக்காது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. சூட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே சில்லென்று இருந்தது. கரண்ட் இல்லை. டிரான்ஸ்பார்மர் போய்விட்டது, சாயங்காலம்தான் வரும் என்று காவல்காரர் சொன்னார். நான் சீசாக்களைத் திரும்ப ஐஸில் போட்டுக்கொண்டு, பிளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டு சத்திரத்துக்கு நடந்தேன். வழியெல்லாம் கண்ணில் தண்ணீர். நல்ல நாளில் அழக்கூடாது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

சத்திரத்தில் மணப்பெண் அறையில் செங்கமலத்துக்குச் சேலை கட்டிவிட வேண்டியவள் நான்தான். அறையில் நாங்கள் இருவர் மட்டும். கொசுவம் வைக்கும்போது ஒரு மடிப்பை விட்டுவிட்டு மறுபடி எண்ணினேன். அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, மூஞ்சி ஏன் இப்டி இருக்குது?"

"ஒண்ணுமில்லம்மா. நல்ல நாளு. நீ திரும்பு."

"சொல்லுங்க. இல்லாட்டி நான் சேலையே கட்டிக்க மாட்டேன்."

சொன்னேன். கரண்ட் இல்லை, உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் வைக்க வழியில்லை, அவ்வளவுதான், போகட்டும் என்றேன். அவள் என்னை வேடிக்கையாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "உடம்புச் சூடு வேணும்னு உடம்பை வச்சிக்கினே அழுவுறீங்களே அண்ணி. இந்தச் சத்திரத்துல இருநூறு உடம்பு இருக்குது. எடுங்க அதை."

குமார், அந்த நேரத்தில் எனக்கு வந்த சிரிப்பை எழுத முடியாது. படித்தவள் நான், எனக்குத் தோன்றவில்லையே என்றெல்லாம் நினைக்கவில்லை. அவளைக் கட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். ஒரு சீசாவை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். ஒன்றை அவளே பிடுங்கிக்கொண்டாள். அக்கினி பக்கத்தில் உட்காரப் போகிறாய், சூடு கூடிவிடும் என்றேன். "பின்பக்கம் வைங்க. இந்தச் சேலைக்குள்ள எந்த நெருப்பும் வராது" என்றாள். முதுகுப் பக்கமாக, பட்டின் மடிப்புக்குள், ஒட்டியாணத்துக்கு அடியில் வைத்து இறுக்கிக் கட்டினேன். மூன்றாவதை உன் அப்பாவை அறைக்குள் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சட்டைக்குள் கையை விட்டு இடது அக்குளில் வைத்து இடுக்கிக்கொண்டார். "ஒரு மணி நேரம் கையைத் தூக்கக் கூடாது" என்றேன். "தாலி கட்டும்போது அட்சதை?" என்றார். "இடது கையால போட முடியாது, வலது கை சும்மாத்தானே இருக்குது" என்றேன். சரி என்று போய்விட்டார்.

நாங்கள் இருவருமே ஒன்றை மறந்துவிட்டோம். தாலி கட்டினதும் பெண்ணின் அண்ணன் இரண்டு கையாலும் பொரி அள்ளித் தங்கை கையில் போட வேண்டும். ஐயர் கூப்பிட்டார். அப்பா போய் நின்றார். இடது முழங்கையை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு, உடம்பை மொத்தமாகச் சாய்த்து, கோழி ஒரு பக்கமாகக் கொத்துகிற மாதிரி பொரியை அள்ளிப் போட்டார். செங்கமலத்தின் தோள் குலுங்க ஆரம்பித்தது. தலையைக் குனிந்துகொண்டாள். பெண் அழுகிறாள் என்று நாலு பேர் உச்சுக்கொட்டினார்கள். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளைக்கு மட்டும் அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறாளோ என்று அவர் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா கோவிந்தசாமி சுளுக்கு எடுப்பதில் பேர்போனவர். அப்பாவின் கையைப் பார்த்ததும் அவருக்கு உட்கார முடியவில்லை. எழுந்து வந்து, "இன்னா தம்பி, கையில இன்னா?" என்றார். அப்பா, "சின்னச் சுளுக்கு" என்றார். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. "சுளுக்கா! வாங்க, ஒரே இழுப்பு, சரியாப்பூடும்" என்று அவர் அப்பாவின் கையைப் பிடித்துவிட்டார். நான் மேடைக்கு அந்தப் பக்கம் குத்துவிளக்கைத் தூண்டிக்கொண்டு நிற்கிறேன். அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மிகவும் பணிவாக, "இழுங்க, ஆனா அக்குள்ல கட்டி இருக்குது. பழுத்துக்கினு இருக்குது" என்றார். கோவிந்தசாமி கையை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார். உன் அப்பா வாழ்நாளில் சொன்ன பொய்கள் எனக்கு அதிகம் தெரியாது. அந்த ஒரு பொய்க்காக நான் அவருக்கு இன்னொரு தடவை மாலை போடத் தயார்.

சடங்கெல்லாம் முடிந்தது. நேரமும் ஆயிற்று. என் சீசாவும் அப்பாவின் சீசாவும் கைக்கு வந்துவிட்டன. செங்கமலத்தினுடையதை எடுக்க வேண்டும். கொசுவத்தைச் சரிசெய்கிற மாதிரி அவள் பின்னால் உட்கார்ந்து, ஒட்டியாணத்துக்கு அடியில் விரலை விட்டு இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்த சீசா பாயில் விழுந்து, உருண்டு, மாப்பிள்ளையின் முழங்காலில் போய் நின்றது. அவர் எடுத்துப் பார்த்தார். நான் பார்த்தது அவரை அல்ல, பின்னால் நின்ற அவருடைய அம்மாவை. அந்த அம்மாளின் கண் சீசாவில் இருந்தது. உனக்கு இந்தக் காலத்தில் இது சிரிப்பாக இருக்கும். அந்த நாளில் கல்யாணப் பெண்ணின் இடுப்பிலிருந்து ஒரு மருந்துச் சீசா வந்தால் ஜனங்கள் ஒன்றே ஒன்றுதான் நினைப்பார்கள். மாப்பிள்ளையை மயக்க மருந்து வைக்கிறார்கள் என்பார்கள். அந்தப் பேர் ஒரு பெண்ணுக்கு வந்துவிட்டால் போகவே போகாது. என் புழுவும் வேண்டாம், பட்டமும் வேண்டாம், இவள் வாழ்க்கை இப்படி ஆகிவிட்டதே என்று நினைத்தேன்.

"இன்னாடா தணிகாசலம் அது?" என்றார் அந்த அம்மாள்.

மாப்பிள்ளை செங்கமலத்தைப் பார்த்தார். அவளும் நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். அவர்கள் அதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவள் உதட்டை அசைக்காமல், "அண்ணியோட படிப்பு. கெடுத்துடாதீங்க" என்றாள். எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அவர் திரும்பி, "அத்தரும்மா. நான்தான் ஆற்காட்டுலேந்து வாங்கிக்கினு வந்தேன், மடியிலேந்து நழுவிப்பூட்ச்சி" என்று சொல்லி, சீசாவை மெதுவாகத் தன் பின்னால் நகர்த்தி என் கைக்குத் தள்ளினார். அந்த அம்மாள் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். இத்தனை வருஷம் அந்த விஷயத்தை மூடி வைத்தது அந்த அம்மாளுக்காகத்தான். நேற்று நான் கேட்கப் போனபோது கூடத்தில் அவரும் இருந்தார். செங்கமலம் தைரியமாக முழுக்கதையையும் அவரிடமே சொல்லிவிட்டாள். அவர் வெற்றிலையை மென்றபடியே கேட்டுவிட்டு, "அத்தருன்னான், வாசனையே வரலியேன்னு அன்னிக்கே நெனச்சேன். சரி, புள்ள மொத மொதலா பொண்டாட்டிக்காகப் பொய் சொல்றான், கெடுப்பானேன்னு உட்டுட்டேன்" என்றார். செங்கமலம் சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்குத் திரும்பி வருகிறேன். கடைசிப் படி ஒன்று பாக்கி இருந்தது. சீவல்களைக் கழுவி இன்னொரு திரவத்தில் காட்ட வேண்டும், அப்போதுதான் கறுப்பு வெளியே வரும். அந்தத் திரவம் அழுகின முட்டை நாற்றம் நாறும். சத்திரத்தின் பின்பக்கம், கிணற்றைத் தாண்டி, தென்னை மரத்தடியில் போய் உட்கார்ந்து ரெண்டே சொட்டு விட்டேன். காற்று சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டது. சைவச் சமையல்கட்டில் அழுகின முட்டை வாசனை. தலைமைச் சமையல்காரர் கரண்டியோடு ஒவ்வொரு அண்டாவாக முகர்ந்துகொண்டு ஓடினார். "சாம்பார் நல்லாக்குது, கூட்டு நல்லாக்குது, இன்னாதான்பா கெட்டுப்பூட்ச்சி?" என்று அவர் கத்தினது எனக்குத் தென்னை மரத்தடிக்குக் கேட்டது. பாயசத்தை மூன்று தடவை ருசி பார்த்தாராம். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பந்தி முடிந்ததும் கல்லூரிக்கு ஓடினேன். நுண்ணோக்கிக்குக் கரண்ட் வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடியால் திருப்பினால் போதும். முதலில் ஒப்பிட வைத்த சீவலைப் பார்த்தேன். வெறும் வெளிர் மஞ்சள். பிறகு முதல் நாள் சுரப்பி. குமார், புள்ளிகள். தெளிவான, உருண்டையான கறுப்புப் புள்ளிகள், ஒவ்வொரு செல்லிலும். மறுநாள் சுரப்பியைப் பார்த்தேன். புள்ளிகள் பெருத்திருந்தன, சிலது ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன, ஆனாலும் ஓரம் உடையவில்லை. செல்லின் மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. சவ்வை அந்த நுண்ணோக்கியில் பார்க்க முடியாது. ஆனால் நெல் சிந்தாமல் குவிந்திருந்தால் அங்கே சாக்கு இருக்கிறது என்று தெரியாதா, அது போலத் தெரிந்தது. அவ்வளவு கரைக்கிற புரதங்கள், நாள் முழுக்கச் சவ்வை ஒட்டியே நிற்கின்றன, சவ்வைத் தொடவில்லை. நான் தனியாக அந்த அறையில் கை தட்டினேன்.

வெளியே ஜட்கா வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. மாலையோடு செங்கமலமும் மாப்பிள்ளையும் இறங்கினார்கள், பின்னால் அப்பா, இரண்டு கையையும் வீசிக்கொண்டு. வரதராஜப் பெருமாளைச் சேவிக்கப் போகிற வழி. "நான் சொன்ன பொய் எதுக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் மாப்பிள்ளை. மாலை நுண்ணோக்கியில் படாமல் கழற்றிவைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டார். செங்கமலம் ரொம்ப நேரம் பார்த்தாள். "இது என் இடுப்புல இருந்ததா?" என்றாள். ஆமாம், மறுநாள் சுரப்பி உன்னிடம்தான் இருந்தது என்றேன். "இவ்ளோ அழகா இருக்குதே அண்ணி" என்று மறுபடி குனிந்தாள். கோயிலில் நடை சாத்தப் போகிறார்கள் என்று அப்பா நினைவுபடுத்தின பிறகுதான் கிளம்பினார்கள்.

படங்களை அப்பாதான் வரைந்தார். ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுகிற கை அல்லவா, ஒவ்வொரு புள்ளியும் இருந்த இடத்திலேயே விழுந்தது. பேராசிரியர் சீவல்களையும் படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நான் நினைத்தது இந்த நாட்களுக்குச் சரியில்லை. இதற்கு அப்புறம்?" என்றார். இந்த முடிவைக் காட்டி அவரே எனக்கு அவகாசம் வாங்கித் தந்தார், அடுத்த பருவத்தில் இன்னொரு தொகுதி வளர்த்து, இன்னும் பிந்தின நாட்களையும் பார்த்தேன். கடைசியில், சுரப்பி முடியப் போகிற நேரத்தில், அவர் சொன்ன மாதிரியே கறுப்பு பரவத்தான் செய்தது. ஆக இரண்டு பேரும் பாதிப் பாதி. பட்டம் வந்தது. ஆனால் அத்தனை நாள் அந்தப் புரதங்கள் தாங்கள் இருக்கிற பையை மட்டும் ஏன் தின்னவில்லை, சவ்வில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமலே போனது. பெண் பார்க்க வந்த அன்று கூடத்தில் நீங்கள் எல்லோரும் பஜ்ஜி சாப்பிட்டபோது வசந்தாவும் நானும் பின்கட்டில் என்ன பேசினோம் என்று கேட்டாயே. இதைத்தான் பேசினோம். சவ்வின் உள்பக்கத்தில் இருக்கிற புரதங்களுக்குச் சர்க்கரைப் பூச்சு மாதிரி ஏதோ இருக்கிறதாம், அதுதான் காப்பாற்றுகிறதோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறதாம். எலியின் ஈரலில் அதைப் பார்க்கப் போகிறார்களாம். எனக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துப்போயிற்று. நீ அவளுக்குச் சரி சொல்வதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு வருஷம் தள்ளிப் போட்டால் அந்த இடம் அவளுக்காகக் காத்திருக்காது. அது உனக்கும் தெரியும், அதனால்தான் என்னைக் கேட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். என் கல்யாண வாழ்க்கையில் உன் அப்பா எனக்கு நல்ல வார்த்தை நிறையச் சொன்னதில்லை. சீசாவைக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. நீயும் பேச்சில் கெட்டிக்காரன் இல்லை, ஆனால் அவர் பிள்ளை. கோபம் வந்தால் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள். யார் சமைப்பது என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், அவளுக்குச் சமைக்கத் தெரியாது என்று அவளே என்னிடம் சொன்னாள், உனக்கு ரசம் வைக்கத் தெரியும் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார் என்றேனே அப்பா, அவர் நேராக ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். அங்கே சைக்கிளைப் போட்டுவிட்டு, ரயிலேறி மெட்ராஸுக்கும் காட்பாடிக்கும் நடுவில் இருக்கிற அரக்கோணத்தில் இறங்கி, தெருத் தெருவாகச் சுற்றிவிட்டுப் பொழுது சாய்ந்துதான் வீட்டுக்கு வந்தார். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு காலியாக இருக்கிறதாம். ஒரு அறை, ஒரு அடுக்களை, பின்னால் கிணறு. காலையில் மெட்ராஸுக்கு ஒரு வண்டி, காட்பாடிக்கு ஒரு வண்டி, ரெண்டும் கொஞ்ச நேரம் முன்னே பின்னே கிளம்புகிறதாம். "ரெண்டு பேரும் ஒண்ணா பிளாட்பாரத்துக்கு வரலாம்மா. காபி ஒண்ணா குடிச்சிட்டு, அவ அந்தப் பக்கம் ஏறட்டும், இவன் இந்தப் பக்கம் ஏறட்டும்" என்றார். வீட்டுக்காரரிடம் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். வசந்தாவைக் கேட்டுவிட்டுத் தந்தி கொடு.

உன் அம்மா